சண்டைக்கார மீனுக்கு எவ்வளவு பெரிய தொட்டி, யார் துணை? கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேலாக சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முரட்டு மீன்கள் வளர்த்து வருகிறேன். பல பேர் கேட்ட கேள்விகளில், ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஈசூனிலிருந்து: அண்ணே, 2 அடித் தொட்டியில் சின்ன லோஹான் ஒன்று இருக்கிறது. தனியாக இருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. துணைக்கு இன்னொன்று விடலாமா?

விடாதீர்கள், தம்பி. தனிமை நமக்குத்தான் கவலை, அதற்கு இல்லை. லோஹான் 1990களில் மலேசியாவில் பல சிக்லிட் (எல்லை பிடித்துச் சண்டை போடும் மீன் குடும்பம்) வகைகளைக் கலந்து உருவாக்கிய மீன். தன் எல்லைக்குள் வேறு யார் வந்தாலும் அதற்குப் பொறுக்காது. வளர்ந்தால் ஓரடி வரும். 2 அடித் தொட்டியில் அது திரும்புவதே கஷ்டம். 4 அடி நீளம், 1.5 அடி அகலம், 1.5 அடி உயரம் என்று ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும் தொட்டி வாங்குங்கள். அதில் அது ஒன்று மட்டும்.

லோஹான் பைத்தியம் ஊரையே ஆட்டிய காலத்தில் நானும் நடுவில் தடுப்பு வைத்து இரண்டு வளர்த்தேன். ஒருநாள் ராத்திரி தடுப்பு சரிந்துவிட்டது. காலையில் ஒன்றுதான் மிச்சம்.

செங்காங்கிலிருந்து: 3 அடித் தொட்டியில் 2 ஆஸ்கார், 20 நியான் டெட்ரா. டெட்ரா தினமும் இரண்டிரண்டாகக் காணாமல் போகின்றன. ஃபில்டர் இழுத்துக்கொள்கிறதா?

ஃபில்டரைத் திறந்து பார்க்க வேண்டாம், ஆஸ்கார் வயிற்றில் இருக்கின்றன. அது சண்டையே இல்லை, சாப்பாடு. வாயில் நுழைகிற எதையும் ஆஸ்கார் விடாது. இரண்டு ஆஸ்காருக்கு 4 அடிதான் ஆரம்பம், 5 அடி என்றால் நிம்மதி. துணைக்கு சில்வர் டாலர் ஐந்தாறு, இல்லையென்றால் செவரம். இரண்டுமே உடம்பு உயரமாக இருக்கும், வாயில் அடங்காது. வாங்கும்போதே ஆஸ்காரின் அளவுக்கு ஈடாக இருக்கட்டும்.

தோ பாயோவிலிருந்து: இடம் இல்லை. அகலம் குறைவாக, உயரமாக ஒரு தொட்டி பார்த்தேன். லிட்டர் கணக்கு ஒன்றுதானே?

லிட்டர் ஒன்றுதான், ஆனால் இந்த மீன்கள் தரையைத்தான் பங்கு போடும். கல், குகை, மூலை எல்லாம் கீழேதானே இருக்கிறது. தோற்ற மீன் ஓடி ஒளிய நீளமும் அகலமும் வேண்டும். உயரத் தொட்டியில் அடிபட்ட மீன் தண்ணீர் மட்டத்துக்கு அருகே ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். அதைப் பார்த்தாலே போதும், தொட்டி போதவில்லை என்று அர்த்தம். கடையில் முதலில் நீளத்தையும் அகலத்தையும் கேளுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: ஆப்பிரிக்க சிக்லிட்டை மட்டும் நெருக்கமாக விடச் சொல்கிறார்களே. மற்றதற்கெல்லாம் நேர்மாறாக இருக்கிறது?

நல்ல கேள்வி. மலாவி ஏரியின் ம்புனா வகையைத்தான் கேட்கிறீர்கள். நான்கைந்து மட்டும் விட்டால் பலசாலி ஒருவன் இளைத்த ஒன்றையே குறிவைத்துத் துரத்திக் கொன்றுவிடுவான். 4 அடித் தொட்டியில் பதினைந்து, இருபது இருந்தால் அடி எல்லோருக்கும் பரவும், சாவு குறையும். ஒரு ஆணுக்கு மூன்று பெண்ணாவது இருக்க வேண்டும். கல்லை மேல்வரை அடுக்கி நிறைய சந்து விடுங்கள். அடுக்குவதற்கு முன் அடிக்கல்லைக் கண்ணாடித் தரைமேல் நேராக உட்கார வையுங்கள், மணல் மேல் வேண்டாம். மணலைத் தோண்டித் தோண்டிக் கல்லையே சரித்துவிடும் மீன் இது.

கூட்டம் கூடினால் கழிவும் கூடும். ஃபில்டரில் கஞ்சத்தனம் பார்த்தால் இந்த வித்தை பலிக்காது. மலாவி தண்ணீர் கடினமானது, காரத்தன்மை உள்ளது. நம் குழாய் நீர் மென்மையானது என்பதால் அதைக் கடினமாக்க ஃபில்டருக்குள் பவளத் துண்டு போடுவது வழக்கம். அதே காரணத்தால் மென்மையான தண்ணீருக்குப் பழகிய அமேசான் பக்கத்து ஆஸ்காரை இவற்றோடு சேர்க்க வேண்டாம்.

புது மீன் விடும் நாளில் கல்லையெல்லாம் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிடுங்கள். பழைய மீனுக்கும் தன் வீடு எது என்று தெரியாது, அன்றைக்கு எல்லோரும் புதிதுதான். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

பொங்கோலிலிருந்து: தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு மாற்றினால் போதுமா?

போதாது. இங்கே குழாய் நீரில் இருப்பது குளோரமின், வெறும் குளோரின் மாதிரி ஒரு நாளில் பறந்துவிடாது. குளோரமினுக்கும் சேர்த்து வேலை செய்யும் மருந்து ஊற்றுங்கள். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி, பெரிய தீனிக்கார மீனென்றால் மூன்றில் ஒரு பங்கு. வாளியில் தண்ணீரைத் திறந்து வைத்தால் கொசு முட்டையிடும், அப்புறம் அதிகாரி வந்து கதவைத் தட்டும்போது மீனைச் சாக்குச் சொல்ல முடியாது.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து: நாலறை வீட்டில் அரோவானா வளர்க்க ஆசை. 5 அடித் தொட்டி தாங்குமா?

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் தண்ணீர் மட்டும் அரை டன்னைத் தாண்டும், அதுவும் ஒரு சதுர மீட்டருக்குள். கண்ணாடி, ஸ்டாண்ட், கல் தனி. தரை தாங்குமா என்று கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஆசிய அரோவானாவுக்கு மைக்ரோசிப்பும் சான்றிதழும் இருக்கும், இரண்டையும் சரிபார்த்து வாங்குங்கள். மூடியைக் கனமாகப் போடுங்கள், அது தாவும். துணை என்றால் அதே அளவு டட்னாய்ட் (புலி மாதிரி வரி போட்ட மீன்) சரி. இன்னொரு அரோவானா வேண்டாம்.

பிரானா கிடைக்குமா?

இங்கே தடை. அடுத்த கேள்வி.

அங்கிள், என் சண்டை மீனோடு (பெட்டா) கப்பி விடலாமா? (வயது 11)

ஆண் கப்பியின் அழகான வாலைப் பார்த்து உன் மீன் எதிரி என்று நினைத்துவிடும், கண்ணு. ஒரு நத்தை போதும். இன்னொரு ஆண் சண்டை மீன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பிடோக்கிலிருந்து: ரெட் டெவில் எல்லா மீனையும் கொன்றுவிட்டது. நீர்த்தேக்கத்தில் விட்டுவிடவா?

விடாதீர்கள், சட்டப்படி குற்றம். அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் தென் அமெரிக்கத் திருக்கை பெருகியிருப்பது இப்படி யாரோ கைவிட்டதால்தான் என்று நினைக்கிறேன். செராங்கூன் நார்த் பக்கத்து மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சில கடைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அந்தத் தொட்டியையே அதற்குக் கொடுத்துவிடுங்கள், ஏற்கெனவே காலிதானே.