திருந்தினானா, திருத்தினார்களா?

கேள்வி: லயன் காமிக்ஸில் குற்றச் சக்கரவர்த்தியாக அறிமுகமான ஸ்பைடர் பிற்பாடு திருந்தி நல்லவனாகிவிட்டான். எந்தக் கதையில், எதனால் திருந்தினான்? திருந்திய பிறகு அவன் கதைகளில் காரம் போய்விட்டது என்கிறான் என் தம்பி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: நாலே வரிக் கேள்வியில் ‘திருந்தி’, ‘திருந்தினான்’, ‘திருந்திய’ என்று ஒரே வினைச்சொல் மூன்று முறை வந்துவிட்டது. அதைத் தாண்டிக்கொண்டு ஸ்பைடரிடம் போக எனக்குக் கால் வரவில்லை.

திருந்து என்பது தன்வினை. திருத்து என்பது பிறவினை. பையன் திருந்துகிறான், அவன் எழுதிய தாளை வாத்தியார் திருத்துகிறார். பையன் தானாக மாறலாம், தாள் தானாக மாறாது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அந்த ஒரு எழுத்துக்காக ஒரு பதிப்பாளருக்கும் எனக்கும் பல வருடங்களாகப் பேச்சு இல்லை. அவர் தன் புத்தகங்களின் இரண்டாம் பதிப்பில் எல்லாம் ‘திருந்திய பதிப்பு’ என்று போடுவார். புத்தகம் எப்படி ஐயா திருந்தும்? ராத்திரி அலமாரியில் படுத்திருக்கும்போது, இவ்வளவு அச்சுப்பிழையோடு வாழ்கிறோமே என்று அதற்கு உறைத்து, விடிவதற்குள் ஒற்றுகளையெல்லாம் சரிசெய்துகொண்டு எழுந்திருக்குமா? யாரோ ஒருவர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து, சிவப்பு மையால் சுழித்துச் சுழித்துத் திருத்தியிருக்கிறார். ‘திருத்திய பதிப்பு’ என்றால் அந்த ஆளின் உழைப்பு தெரிகிறது. ‘திருந்திய பதிப்பு’ என்றதும் அவர் காணாமல் போகிறார்.

பதிப்பாளர் விடவில்லை. ‘திருந்திழை’ என்று சங்கப் பாட்டிலேயே வருகிறதே, திருந்திய என்றால் செம்மையான என்றும் பொருள் உண்டே என்று மடக்கினார். உண்டுதான். திருந்திழை என்றால் செம்மையாகச் செய்த நகை. ஆனால் அந்த நகை செம்மையாக இருந்தது. இவர் புத்தகத்தில் பத்தாம் பக்கத்திலேயே ‘பள்ளி’க்குப் பதில் ‘பல்லி’ உட்கார்ந்திருந்தது. அதைச் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இனி ஸ்பைடர். அவன் திருந்தவில்லை. திருத்தப்பட்டான். திருத்தியவரின் பெயர் ஜெர்ரி சீகல்.

ஸ்பைடர் பிறந்தது பிரிட்டனில், 1965 ஜூனில். பத்திரிகையின் பெயர் அங்கேயும் லயன்தான். எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். அந்தக் கூர்மண்டையும் கூர்க்காதும் கறுப்பு உடுப்பும் பன்னின் கைவேலை. ஸ்பைடரின் ஆசை ஒன்றே ஒன்றுதான்: உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாவது. அதற்காகப் பூட்டுடைப்பதில் கெட்டிக்காரனான ஆர்டினியையும் கருவிகள் கண்டுபிடிக்கும் பேராசிரியர் பெல்ஹாமையும் சேர்த்துக்கொண்டான். சிறுவர் வாரப் பத்திரிகையில் திருடனே நாயகன். அவனைத் துரத்தி ஓயும் கில்மோரும் ட்ராஸ்க்கும் பாவப்பட்ட போலீஸ்காரர்கள். கோவன் இரண்டு தொடர்களோடு விலக, அடுத்து எழுத வந்தவர் சீகல். மாற்றமும் ஒரே நாளில் நடக்கவில்லை. தன் பட்டத்துக்குப் போட்டியாக இன்னொரு வில்லன் தலையெடுத்தால் ஸ்பைடருக்குப் பொறுக்காது, போய் அடிப்பான். அடித்து அடித்து, போலீஸோடு மோதுவதைவிட வில்லன்களோடு மோதுவதுதான் தன் தரத்துக்கு ஏற்ற வேலை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தான். கடைசியில் காவலனாகவே ஆகிவிட்டான்.

இதில் வருத்தம் எங்கே இருக்கிறது? கொள்ளையடித்ததை யாரிடமாவது திருப்பிக் கொடுத்தானா? பழைய பாவம் ஒரு நாளாவது அவன் தூக்கத்தைக் கெடுத்ததா? கர்வம் அப்படியே இருக்கிறது, தற்பெருமை அப்படியே இருக்கிறது. மாறியது அணி மட்டும்தான். அதனால்தான் உங்கள் தம்பியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்பைடரின் காரமே அந்தத் தலைக்கனம்தான், அது கடைசிவரை குறையவில்லை. பணிவு வந்திருந்தால் கதை அன்றே படுத்திருக்கும்.

சீகல் யார் என்று உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள். 1938இல் ஜோ ஷுஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உலகத்துக்குக் கொடுத்தவர். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1933இல், தானே நடத்திய சின்னப் பத்திரிகையில் ஒரு கதை எழுதினார். அதில் வரும் சூப்பர்மேன் ஒரு வில்லன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் ஏழை ஒருவனை விஞ்ஞானி கூட்டிப்போய் மருந்து கொடுக்கிறார். அவனுக்குப் பிறர் மனதைப் படிக்கும் சக்தி வருகிறது. உலகை ஆளப் பார்க்கிறான். மருந்தின் வேகம் தீர்ந்ததும் பழையபடி ஏழையாகி நிற்கிறான். அந்தப் பெயரை எடுத்துத்தான் சீகல் பிறகு நல்லவனுக்குச் சூட்டினார். சூப்பர்மேனே ஒரு திருத்திய பதிப்பு. முப்பது வருடம் கழித்து அதே மனிதரின் மேசைக்கு இன்னொரு வில்லன் வந்தான். அவனையும் அதே பக்கம் இழுத்துக்கொண்டு வந்தார். இரண்டு வில்லன்கள், இரண்டு முறையும் ஒரே கை.

அந்தக் கைக்கு என்ன கிடைத்தது? சூப்பர்மேனின் உரிமையை 1938இல் இருவரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மீட்க வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள், பெயரும் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அறுபதுகளில் சீகல் மறுபடி உரிமை கேட்டார், சூப்பர்மேனை வெளியிட்ட நிறுவனத்தில் இருந்த வேலையும் போயிற்று. ஸ்பைடரை எழுதியது அந்தக் காலத்தில்தான். அந்த பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. சூப்பர்மேனைப் படைத்தவரின் கதையைத்தான் படிக்கிறோம் என்று அந்தப் பையன்களுக்குத் தெரியாது. 1984இல் லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் ஸ்பைடரைப் படித்து மயங்கிய நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1975இல் நடந்த உடன்பாட்டுக்குப் பிறகுதான் சூப்பர்மேன் பக்கத்தில் இருவரின் பெயரும் திரும்ப வந்தது, ஆளுக்கு வருடம் 20,000 டாலரும் கிடைத்தது. எழுதியவன் பெயரைப் போடு, வரைந்தவன் பெயரைப் போடு என்று இந்தப் பக்கத்தில் நான் மாதாமாதம் கத்துவது இதனால்தான். ‘திருந்திய பதிப்பு’ மேல் உள்ள கோபமும் இதே கோபம்தான்.

சரி, உண்மையாகவே திருந்தியவர்கள் காமிக்ஸில் உண்டா?

நம் இரும்புக்கை மாயாவியை எடுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் அவர் கதையோடுதான் தொடங்கியது. 1962இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் கென் பல்மர் எழுதி, ஸ்பெயின்காரரான ஹேசூஸ் பிளாஸ்கோ வரைந்த முதல் கதையில் மாயாவி, அதாவது லூயிஸ் கிராண்டேல், ஒரு வில்லன். மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்ததும் கொள்ளை, மிரட்டல், நியூயார்க்கையே நடுங்க வைப்பது என்று இறங்குகிறார். பிற்பாடு நிழல் படையில் சேர்ந்து உளவாளியாகி உலகத்தைக் காப்பாற்றுகிறார். எனக்கு மாயாவி உயிர். ஆனாலும் இதைத் திருந்தியது என்று ஏற்க மாட்டேன். விபத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பழியை விபத்தின் தலையில் போட்டுவிட்டால், திருந்த அங்கே ஆள் ஏது?

நான் முதலில் ஏற்பது ஒருவனை. மேக்னெட்டோ. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும், பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்ட மியூட்டன்ட் இனத்தாரின் கதையான எக்ஸ்மென் முதல் இதழில் கொண்டுவந்தபோது, உலகை ஆளத் துடிக்கும் வழக்கமான வில்லன். 1981 அக்டோபரில் வந்த 150ஆம் இதழில் கிறிஸ் கிளேர்மாண்ட் அவனைத் தொட்டார். நாடுகள் ஆயுதத்தைக் கீழே போடாவிட்டால் அழிப்பேன் என்று மிரட்டுகிறான். தன்னைத் தாக்கிய ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலை மூழ்கடிக்கிறான். அப்புறம் நடக்கும் சண்டையில் அவன் அடித்த அடியில் எக்ஸ்மென் அணியின் கிட்டி பிரைட் சுருண்டு விழுகிறாள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண். செத்துவிட்டாள் என்று நினைத்து அவளைக் கையில் ஏந்துகிறான். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் சிறுவனாக இருந்து தப்பியவன் அவன் என்பது அந்த இதழில்தான் நமக்குத் தெரிகிறது. தன் மியூட்டன்ட் இனத்துக் குழந்தைகளைக் காப்பாற்றக் கிளம்பியவன் கையில் அதே இனத்துக் குழந்தை கிடக்கிறது. அங்கே யாரும் அவனைத் தோற்கடிக்கவில்லை. அவனே நிறுத்திவிட்டுப் போகிறான். அந்தப் பக்கங்களை இன்றைக்குப் புரட்டினாலும் என் தொண்டை அடைக்கும்.

அதோடு முடியவில்லை. 1985இல், 200ஆம் இதழில், பாரிஸில் அவனை விசாரணைக் கூண்டில் நிறுத்தினார் கிளேர்மாண்ட். என் எண்ணத்தில் இதுதான் முக்கியம். ஸ்பைடரைக் கூண்டில் ஏற்றவே இல்லை. மேக்னெட்டோ தான் செய்தவற்றுக்கு நின்று பதில் சொன்னான். பிறகு எக்ஸ்மென் தலைவர் சேவியரின் பள்ளிக்கூடப் பொறுப்பு அவன் கைக்கு வந்தது. உலகை மிரட்டியவன் பிள்ளைகளின் பாடத்தைக் கவனிக்க வேண்டியதாயிற்று. மாணவர்கள் பயந்தார்கள், பழைய எதிரிகள் நம்பவில்லை, அவனுக்கே தன்மேல் முழு நம்பிக்கை இல்லை. பத்துச் சண்டைக்கு ஈடான காரம் இதில் இருக்கிறது. தம்பியை இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

1991இல் எக்ஸ்மென்னைப் புது வரிசையாக்கி மறுபடி முதல் இதழ் போட்டபோது அவனை எதிரணியில் நிறுத்திவிட்டார்கள். 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போன இதழ் அது.

மணல் மனிதனுக்கு நடந்தது இன்னும் கொடுமை. சிலந்தி மனிதனின் (நம் ஸ்பைடர் அல்ல, ஸ்பைடர்மேன்) எதிரியாக 1963இல் வந்த ஃப்ளின்ட் மார்க்கோ, 1982இல் தன்னைப் பிடிக்க வந்த ‘திங்’ என்ற கல்லுடம்புக்காரனோடு மதுக்கடையில் உட்கார்ந்து பேசுகிறான். ஒரு முழு இதழ், பெரும்பாலும் பேச்சு. ஒழுங்காக வாழப்போகிறேன் என்கிறான், வந்தவனும் நம்பி விட்டுவிடுகிறான். அப்படியே பல வருடம் வாழ்ந்தும் காட்டினான், அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவில் மாற்று உறுப்பினராகக்கூட ஏற்றுக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் முடிவில், மூளையை மாற்றும் இயந்திரத்தில் அவனை உட்காரவைத்து மறுபடி வில்லனாக்கிவிட்டார்கள். தானாகத் திருந்திய ஒருவனை இயந்திரம் வைத்துத் திருத்தியிருக்கிறார்கள்! நியாயமா இது? படித்த அன்று அந்த இதழை மேசைமேல் ஓங்கி அறைந்தேன். இன்னமும் ஆறவில்லை.

உங்கள் தம்பியிடம் பழைய ஸ்பைடர் இதழ்கள் இருந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். முதல் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘கதை: டெட் கோவன்’ அல்லது ‘கதை: ஜெர்ரி சீகல்’, கீழே ‘ஓவியம்: ரெக் பன்’ என்று எழுதி வைக்கட்டும். எந்தக் கதை யாருடையது என்பதில் சந்தேகம் வந்தால் எனக்குக் கடிதம் போடட்டும், சேர்ந்து பார்க்கலாம்.