“7 நாளில் ஸ்கோபஸ் இதழில் வெளியீடு, 15,000 ரூபாய்” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?

வேண்டாம். ஸ்கோபஸ் என்பது ஆய்விதழ்களைத் தொகுத்துப் பட்டியலிடும் தரவுத்தளம். ஆய்வுக் கட்டுரையை மதிப்பாய்வாளர்கள் (அதே துறை வல்லுநர்கள்) படித்து, நீங்கள் திருத்தி, அவர்கள் மறுபடி பார்க்கப் பெரும்பாலும் மாதக்கணக்கில் ஆகும். ஏழு நாளில் வெளியீடு உறுதி என்றால் யாரும் படிக்கப்போவதில்லை என்று பொருள். கட்டணம் கேட்பதாலேயே இதழ் தவறானது என்று ஆகிவிடாது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய நல்ல திறந்த அணுகல் இதழ்கள் பலவும் வாங்குகின்றன. ஆனால் அந்தத் தொகை இதழின் தளத்திலேயே போட்டிருக்கும், இடைத்தரகரின் ஜிபே எண்ணுக்குப் போகாது.

முதலில் ஐஎஸ்எஸ்என் எண்ணை, அதாவது இதழுக்கான எட்டு இலக்க அடையாள எண்ணைப் பாருங்கள். நேச்சர் இதழுக்கு 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 82. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 5. 11இல் 5 போனால் 6, அதுவே கடைசி இலக்கம். (விடை 10 வந்தால் எக்ஸ் என்று போடுவார்கள்.) கற்பனையாக எழுதிய எண் பெரும்பாலும் இங்கேயே மாட்டிக்கொள்ளும். எண் சரியாக இருப்பது தரத்துக்குச் சான்று இல்லை, அது வெறும் அடையாள எண்தான்.

அடுத்து ஸ்கோபஸில் உள்ள இதழ்களைத் தேடும் ‘சோர்சஸ்’ பக்கம். சந்தா தேவையில்லை. பெயரைப் போட்டுத் தேடாமல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், ஒரே சாயலில் பெயர்கள் ஏராளம். இதழ் வந்தவுடன் நிம்மதி அடைய வேண்டாம். எந்த ஆண்டு வரை சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதியில் நிறுத்தப்பட்ட இதழைக் காட்டித்தான் பலரிடம் பணம் பறிக்கிறார்கள்.

இதைவிட ஆபத்தானது கடத்தப்பட்ட இதழ். உண்மையான இதழின் பெயர், எண், ஆசிரியர் குழு எல்லாவற்றையும் நகலெடுத்து இன்னொரு முகவரியில் தளம் திறப்பார்கள். மேலே சொன்ன இரண்டு சோதனையிலும் இது தேறிவிடும். பிடிக்க ஒரு வழி: ஸ்கோபஸில் அந்த இதழின் பழைய கட்டுரைகள் மூன்றை எடுத்து, அவற்றின் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இணைப்பைச் சொடுக்குங்கள். உங்களுக்கு வந்த தளத்துக்குப் போகாமல் வேறு தளத்துக்குப் போனால் எச்சரிக்கையாகுங்கள். பழைய இதழ்களையும் புரட்டுங்கள். காலாண்டுக்குப் பத்துக் கட்டுரை போட்ட வேதியியல் இதழ் திடீரென்று நூற்றைம்பது போட்டு, நடுவே வணிகவியலும் இருந்தால் விலகிவிடுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்கத்தக்க ஆய்விதழ்களுக்கு வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலில் இருக்கிறது என்பதும் இப்போது செல்லாது. அந்தப் பட்டியலை யுஜிசி கைவிட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? பணம் கட்டாதீர்கள், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். திரும்பப் பெறுவதாக உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராமலும் போகலாம். அப்போது தேதியுள்ள அந்த மின்னஞ்சலை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த இதழுக்கு அனுப்பும் முகப்புக் கடிதத்திலேயே நடந்ததை எழுதிவிடுங்கள். மறைத்தால் ஒரே கட்டுரையை இரண்டு இடத்துக்கு அனுப்பிய குற்றம் உங்கள் தலையில் விழும்.