மூன்றே வண்ணங்களை வைத்துக் காய்கறிகளை வாட்டர்கலரில் வரைய முடியுமா?

தாராளமாக முடியும். 24 வண்ணப் பெட்டி வாங்கி, எல்லாவற்றையும் தொட்டுக் குழப்பி, கத்தரிக்காய் சேறாகிப் போன கடுப்பில்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என் தட்டில் லெமன் யெல்லோ, அல்ட்ராமரின் புளூ, ஒரு சிவப்பு. அவ்வளவுதான். எந்தச் சிவப்பு என்பதில்தான் என் கதையே இருக்கிறது. (ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் சமையல் மேடையில் வைத்து வரைகிற ஆள்.) 22க்கு 30 அங்குலப் பருத்தித் தாளை 16 துண்டாக்கிக்கொள்வேன். துண்டுக்கு ஒரு காய்.

கத்தரிக்காயில் காம்பைத்தான் முதலில் போடுவேன், அதுதான் சீக்கிரம் வாடும். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சையில் துளி சிவப்பு தொட்டால் அந்த மங்கல் பச்சை வந்துவிடும். உடம்புக்குச் சிவப்பும் நீலமும். ஜன்னல் வெளிச்சம் பளபளக்கும் இடத்தில் பிரஷ்ஷே படக்கூடாது, அந்த வெள்ளை தாளின் வெள்ளை. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அரை ஈரத்தில் தண்ணீர் சொட்டினால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், தட்டில் மிஞ்சிய மூன்றையும் சேர்த்தால் சாம்பல் நிறம் வரும்.

சரி, கதைக்கு வருகிறேன். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மூன்று கத்தரிக்காய்களை வரைந்து, ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் காய்கள் வெளிறிய நீலத்தில் தொங்குகின்றன. "என்ன அண்ணி, மட்டமான பெயின்ட்டா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டாள்.

மட்டமெல்லாம் இல்லை, விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனால் அதில் நான் போட்ட சிவப்பு அலிசரின் கிரிம்சன். வெளிச்சம் பட்டால் மங்கும், மெல்லிய பூச்சில் இன்னும் சீக்கிரம். சிவப்பு கிளம்பிப் போய்விட்டது, அல்ட்ராமரின் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறது. ஃபிரேமுக்கு மட்டும் 900 ரூபாய் கொடுத்தேன், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 500 ரூபாய் மொய் எழுதினால் நோட்டில் ஏறும். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து கொடுத்தால் அது எந்தக் கணக்கிலும் வராது. அப்புறம் விசேஷம் வந்தால் மட்டும் "சும்மா ஒண்ணு வரைஞ்சு குடுங்களேன்" என்பார்கள்.

அதனால் சிவப்பு வாங்கும்போது டியூபின் லேபிளைப் படியுங்கள். அதில் நிறமியின் குறியீடு இருக்கும். பிஆர் 83 (PR83, அந்த அலிசரின் கிரிம்சன்தான்) என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். பிவி 19 (PV19) என்று போட்ட குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்கள், நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். தக்காளிக்கு மட்டும் அது கொஞ்சம் மல்லுக்கட்டும், மஞ்சளைத் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.