கணனி கேள்வி பதில்: வயர் ஒன்று, கணனி இரண்டு

கேள்வி: எங்கள் டியூஷன் வகுப்பில் வின்டோஸ் 98 கணனி ஒன்றும் எக்ஸ்பி கணனி ஒன்றும் உண்டு. 98இல் இருக்கும் வினாத்தாள்களும் படங்களும் சேர்ந்து 3 ஜிபி. பென் டிரைவை அது அடையாளம் காணவில்லை. இரு தலையும் ஒரே மாதிரியான யூஎஸ்பி கேபிளால் இரண்டையும் இணைக்கலாமா?
வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம். வெறும் யூஎஸ்பி வயரில் தகவல் போகாது. இரண்டு கணனிகளின் 5 வோல்ட் மின்சாரமும் நேருக்கு நேர் முட்டும்; போர்ட் எரியலாம். கணனியின் பின்புறமுள்ள பழைய சீரியல் போர்ட்டான கொம் போர்ட்டில் மாட்டும் வயரும் உங்களுக்குச் சரிவராது. நொடிக்கு 115,200 பிட் வேகத்தில் 3 ஜிபி போக மூன்று நாளுக்கு மேல் பிடிக்கும்.

இரண்டிலும் நொடிக்கு 100 மெகாபிட் வேக லேன் கார்ட் (நெட்வேர்க் வயர் மாட்டும் கார்ட்) இருந்தால், இரண்டு கணனிகளை நேரடியாக இணைக்கும் கிராஸ் கேபிள் என்ற நெட்வேர்க் வயரே போதும், கால் மணி நேர வேலை. கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ நெட்வேர்க் வேலை செய்யும் கடையில் கேட்டுப் பாருங்கள். நீங்களே அடிப்பதானால் வயரின் நுனியில் மாட்டும் ஜாக்கின் கிளிப் கீழே, பற்கள் மேலே, வயர் உங்கள் பக்கம் வரப் பிடியுங்கள். இடமிருந்து வலமாக ஒரு தலைக்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். மறு தலையில் பச்சைச் சோடியும் செம்மஞ்சள் சோடியும் இடம் மாறும், மற்ற நான்கும் அப்படியே. சோடிக் கம்பிகளின் முறுக்கை ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பிரிக்காதீர்கள். வெளித்தோல் ஜாக்குக்குள் போய் இறுக வேண்டும். இல்லையேல் இழுபடும்போது கம்பி கழன்றுவிடும்.

98இல் கொன்ட்ரோல் பெனல், நெட்வேர்க், டிசிபி/ஐபி போய் ஐபி முகவரியாக (நெட்வேர்க்கில் கணனியின் எண்) 192.168.0.1 கொடுங்கள். எக்ஸ்பிக்கு 192.168.0.2. இரண்டிலும் மாஸ்க் 255.255.255.0, கேற்வே வெறுமையாக இருக்கட்டும். வேர்க்குரூப் பெயர் ஒன்றாகவும் கணனிப் பெயர்கள் வேறாகவும் இருக்க வேண்டும். 98இல் ஃபைல் ஷெயரிங்கையும் சேர்க்க வேண்டும். அப்போது அது வின்டோஸ் சீடியைக் கேட்கும், முன்கூட்டியே தேடி வையுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது வரும் கடவுச்சொல் பெட்டியில் கான்சல் அழுத்தினால் நெட்வேர்க் வேலை செய்யாது. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பெயரைக் கொடுத்து ஓகே அழுத்துங்கள்.

பின்னர் 98இன் ஃபோல்டரை 'வாசிக்க மட்டும்' என ஷெயர் செய்து, எக்ஸ்பியிலிருந்து இழுத்தெடுங்கள். எக்ஸ்பியின் ஃபயர்வோல் என்ற பாதுகாப்பு மென்பொருள் வெளியிலிருந்து உள்ளே வருவதைத்தான் தடுக்கும் என்பதால் இந்தத் திசையில் சிக்கல் குறைவு. மற்றக் கணனி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனையையும் எக்ஸ்பியிலிருந்தே செய்யுங்கள். கார்டில் விளக்கு எரியாவிட்டால் வயரில் பிழை. விளக்கு எரிந்தும் பிங் போகாவிட்டால் எண்களில் பிழை. பிங் போயும் ஃபோல்டர் தெரியாவிட்டால், ரன் பெட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு 98இன் கணனிப் பெயரை அடியுங்கள்.

கேள்வி: பழைய 98 கணனியிலிருந்து எக்ஸ்பிக்குக் கோப்புகள் வந்துவிட்டன. ஆனால் தமிழ் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறதே?
வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கோப்பு பழுதாகவில்லை. பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்ட்டில் (எழுத்துருவில்) அடித்த ஆவணம் அது. புதிய கணனியில் பாமினி இல்லை. பழைய கணனியின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை, ஷெயர் செய்த ஃபோல்டருக்குள் முதலில் பிரதி எடுத்து, பிறகு எக்ஸ்பியின் ஃபொன்ட்ஸில் போடுங்கள். வேர்டை மூடித் திறந்தால் எழுத்து வந்துவிடும். பாமினியில் வேறு வேறு வடிவங்கள் பயன்படுத்தியிருந்தால் அவை எல்லாவற்றையும் கொண்டு வர வேண்டும்.