பன்றி டெண்டர்லாயின்: கேளுங்க, சொல்றேன்

பெங்களூருல ஹோட்டல் கிச்சன்ல பதினோரு வருஷம் இறைச்சி செக்‌ஷன்ல நின்னவ நான். இன்னிக்கு டெண்டர்லாயின் மட்டும்தான்.

சென்னை: அக்கா, அரை கிலோ டெண்டர்லாயின் வாங்கிட்டேன். வீட்டுல உப்பு, மிளகு தவிர பெருசா ஒண்ணும் இல்ல. என்ன பண்றது?

அது ரெண்டுமே போதும். முதுகெலும்புக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கிற சதை இது. பன்னிக்கு அங்க வேலையே கிடையாது, அதான் இவ்வளவு மெத்து. கொழுப்பும் இல்ல, அதனால சட்டுனு வறண்டுடும்.

முதல்ல மேல பளபளன்னு ஓடுற வெள்ளைச் சவ்வை எடுக்கணும். கத்தி நுனியை அதுக்கடியில விட்டு, கூர்ப்பக்கத்தை லேசா மேல சாய்ச்சு, சவ்வை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சீவுங்க. விட்டா சூட்டுல சுருங்கி கறியையே வில்லு மாதிரி வளைச்சுடும். ஒல்லியான வால் நுனியை அடியில மடிச்சு நூலால கட்டுங்க.

அரை கிலோவுக்கு 8 கிராம் உப்பு. முதல் நாள் ராத்திரியே தடவி, மூடாம ஃபிரிட்ஜ்ல வெச்சா உப்பு உள்ள இறங்கும், மேல்பக்கம் காய்ஞ்சு நல்லா சிவக்கும். மறுநாள் ஒண்ணுரெண்டா இடிச்ச மிளகு, சோம்பு இருந்தா அரை ஸ்பூன். இரும்புச் சட்டியில எண்ணெய் காய்ஞ்சதும் நாலு பக்கமும் ஒன்றரை நிமிஷம் திருப்பிட்டு, 200 டிகிரி ஓவன்ல 12 முதல் 15 நிமிஷம். கறி நடுவுல குத்தின தெர்மாமீட்டர் 60 டிகிரி காட்டினா வெளிய எடுங்க. பத்து நிமிஷம் ஆறும்போது அதுவே 63க்கு ஏறிடும். பூண்டு போட ஆசைன்னா கடைசியில வெண்ணெயோட போடுங்க. முன்னாடியே தடவினா கருகிக் கசக்கும்.

கோவை: குக்கர்ல எத்தனை விசில்?

விசிலே வேண்டாம். குக்கர் தொடைக்கறிக்கும் தோள்பட்டைக்கும்தான்.

சிங்கப்பூர்: அன்னாசி ஜூஸ்ல ராத்திரி முழுக்க ஊறவெச்சேன். களி மாதிரி ஆயிடுச்சே!

அன்னாசியில இருக்கிற புரொமிலைன் சதையையே கரைக்கும். ஏற்கெனவே மெத்துன்னு இருக்கிற கறிக்கு அது எதுக்கு? ருசி வேணும்னா டின் அன்னாசி. காய்ச்சி அடைக்கிறதால அதுல அந்த வேலை நடக்காது.

மைசூரு: இதுல குடகு பன்னிக்கறி, அதான் பந்தி கறி, செய்யலாமா?

கூடாது. குடகுக்காரங்க கொழுப்போட இருக்கிற கறியைத்தான் எடுப்பாங்க. ஆனா அந்த வறுத்த மசாலாவை மேல தடவலாம். சட்டியில நிக்கிற சாறுல அரை ஸ்பூன் கச்சம்புளி (குடகோட கறுப்புப் புளிச்சாறு) விட்டு ஊத்திப் பாருங்க!

மதுரை: 63 டிகிரியா? உள்ள சிவப்பா இருக்குமே! பன்னிக்கறியில புழு மூளைக்கு ஏறும்னு டாக்டரே சொல்றாரு. பொறுப்போட எழுதுங்க.

நல்ல சண்டை, வாங்க. அமெரிக்க விவசாயத்துறை 2011ல முழுத்துண்டுக் கறிக்கு 63 டிகிரி, கூட மூணு நிமிஷம் ஆறவிடணும்னு மாத்துச்சு. அதுக்கு முன்னாடி 71. கொத்துக்கறிக்கு இன்னிக்கும் 71தான்.

மூளைக்குப் போற நாடாப்புழு முட்டை கறியில இல்ல. அது புழு இருக்கிற மனுஷனோட மலத்துலேர்ந்து தண்ணி, கீரை, கழுவாத கை வழியா வருது. சைவக்காரங்களுக்கும் வரும். வேகாத கறியில இருக்கிறது புழுக்குஞ்சு அடங்கின கட்டி; அதைத் தின்னா குடல்ல புழு வளரும்.

மதுரை: அப்போ ஆபத்து இருக்குன்னு ஒத்துக்கிறீங்க.

எங்க வளர்ந்ததுன்னே தெரியாத பன்னின்னா இருக்கு, ஒத்துக்கிறேன். அப்படி வாங்கினா 71 வரைக்கும் விடுங்க, மெல்லிசா நறுக்கிச் சாறு ஊத்திச் சாப்பிடுங்க. கறியில பட்டாணி அளவு வெள்ளைக் கொப்புளம் தெரிஞ்சா மொத்தமும் குப்பைக்கு. சுத்தமான பண்ணைக் கறின்னா எனக்கு 63தான்.

திருச்சி: தெர்மாமீட்டர் இல்லாம நிறத்தைப் பார்த்தே சொல்ல முடியாதா?

முடியாது. ஒண்ணு வாங்குங்க.

சேலம்: அக்கா, மூணு விசில் போதுமா?

கோவைக்குச் சொன்னதுதான்.

சென்னை: அக்கா, 57 காட்டுது. எடுத்துடவா?

இன்னும் ரெண்டு நிமிஷம். ஓவன் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீங்க.