'ட்ரூ பில்' என்றால் தண்டனை அல்ல

கேள்வி: 1842-இல் அயர்லாந்தின் கார்க்கில் நடந்த கோடைக்கால அசைஸ் (ஊர் ஊராகச் செல்லும் நீதிபதிகள் நடத்தும் நீதிமன்ற அமர்வு) பற்றிய பழைய செய்தித்தாளில், நான் தேடும் ஒருவரின் பெயருக்கு நேரே 'ட்ரூ பில்' என்று இருக்கிறது. அவர் தண்டிக்கப்பட்டாரா? விசாரணையின் முழு எழுத்துப்படியை வாங்கித் தருவதாக ஒரு தரகர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 'ட்ரூ பில்' என்றால் வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று கிராண்ட் ஜூரி என்ற முதற்கட்ட நடுவர் குழு சொன்னது, அவ்வளவுதான். அதிகபட்சம் 23 பேர், பெரும்பாலும் நிலக்கிழார்கள், மூடிய அறைக்குள் அரசுத் தரப்புச் சாட்சிகளை மட்டும் கேட்பார்கள். 12 பேர் ஒப்புக்கொண்டால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அங்கே இடமே இல்லை. 'நோ பில்' என்றாலும் விடுதலை என்று எண்ணாதீர்கள். அடுத்த அசைஸில் அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டுவரலாம். தீர்ப்பு சொன்னது 12 பேர் கொண்ட 'பெட்டி ஜூரி' என்ற விசாரணை நடுவர் குழு. அதன் முன்னாலும் கைதி தனக்காகச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது. 1920-கள் வரை அயர்லாந்தில் இந்த அநியாயம் பெரும்பாலும் நீடித்தது.

இனி எழுத்துப்படி. சாதாரண வழக்குகளில் சொல்லுக்குச் சொல் எழுதிவைக்கும் வழக்கமே இல்லை. இருந்த நீதிமன்றக் கட்டுகளிலும் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் எரிந்து போயிற்று. பிறகு தரகர்கள் எதை விற்கிறார்கள்? 'கிராண்ட் ஜூரி பிரசென்ட்மென்ட்' என்ற தடித்த புத்தகத்தின் படிகளை. அதில் இருப்பது சாலை, பாலம், சிறைச்செலவுக் கணக்கு. கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வரியைச் செலவழிப்பதும் அதே கிராண்ட் ஜூரியின் வேலைதான். குற்ற வழக்குக்கும் அந்தப் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை.

கார்க் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். கார்க் நகரம் சட்டப்படி தனிக் கவுண்டி. கவுண்டிக்கு ஒரு கிராண்ட் ஜூரி, நகரத்துக்கு வேறொன்று. ஒரே வாரத்துச் செய்தித்தாளில் இரண்டு பட்டியல் வரும். ஒரே பெயர் இரண்டிலும் இருக்கக்கூடும். லிமெரிக், வாட்டர்ஃபோர்ட், கில்கென்னி, கால்வே ஆகியவற்றுக்கும் இதே கதை. உங்கள் ஆள் எந்தப் பட்டியலில் வருகிறார் என்பதை உறுதி செய்யாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். வைத்தால் வேறொருவரின் வாழ்க்கையைத்தான் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு அடுத்த சில நாள் இதழ்களில் குற்ற வழக்குகளுக்கான 'கிரவுன் கோர்ட்' தலைப்பைப் பாருங்கள். 'ரெக்கார்ட் கோர்ட்' சிவில் வழக்குகளுக்கானது, அதை விட்டுவிடுங்கள். நாடுகடத்தும் தண்டனை என்றால் அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் பெயர், கவுண்டி, ஆண்டு கொடுத்து இலவசமாகத் தேடலாம். கருணை மனுக் கோப்பு கிடைத்தால் அதோடு நீதிபதியின் அறிக்கை இருக்கிறதா என்றும் கேளுங்கள். எழுத்துப்படிக்கு மிக நெருக்கமாகக் கிடைக்கக்கூடியது அதுதான்.