கோழிக்கூண்டைத் தினமும் கழுவியும் நாற்றம் போகவில்லையே, என்ன செய்வது?

கழுவுவதால்தான் போகவில்லை, எச்சம் ஈரமாக இருந்தால்தான் நாறும். முதலில் குழாயை மூடுங்கள். கொல்லையில் பத்துக் கோழி என்று எழுதியிருக்கிறீர்கள். கூண்டுக்குச் சிமெண்டுத் தரையாகத்தான் இருக்கும். எங்களுடையதும் அதுதான்.

நான் இதே வேலையைச் செய்து பதினொரு குஞ்சுகளைப் பறிகொடுத்தவள். கும்பகோணம் பக்கம் எங்கள் வீடு. மாமியார் காலத்தில் பஞ்சாரம் போட்டுக் கவிழ்ப்பதோடு சரி. பகலெல்லாம் கோழி தோப்பில் மேயும், எச்சம் ஒரே இடத்தில் சேராது. நான்தான் எட்டுக்கு ஆறடியில் கூண்டு கட்டச் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. தினமும் காலையில் பினாயில் ஊற்றிக் கழுவி, அதன் மேல் புது உமி போடுவேன். ஐப்பசி மழையில் தரை எங்கே காயும்? அடியில் ஈரம், மேலே உமி. பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அப்போது ஐந்து வாரக் குஞ்சுகள் முப்பது இருந்தன. ஒருநாள் நாலைந்து குஞ்சுகள் சிறகைத் தொங்கப்போட்டு மூலையில் ஒடுங்கி நின்றன. எச்சத்தில் ரத்தம். கால்நடை மருந்தகத்துக்கு இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்த உடனேயே, "ரத்தக் கழிச்சல். கூண்டுல தண்ணி விடுறீங்களாம்மா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. எச்சத்தோடு வெளியே வரும் கிருமி முட்டை, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இரண்டு நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடுமாம். பினாயிலுக்கு அது சாகாது. குடிதண்ணீரில் ஆம்ப்ரோலியம் என்ற மருந்தைக் கலந்து கொடுத்து மிச்சத்தைக் காப்பாற்றினோம்.

அதற்கப்புறம் ஆழ்கூளம்தான். நன்றாகக் காய்ந்த தரையில் மூன்று அங்குலம் உமி போட்டு, அழுக்காக ஆக மேலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஐந்தாறு அங்குலம் வரை கொண்டுபோகிறேன். வாரம் இரண்டு முறை அடிவரை கிளறிவிட வேண்டும், மழைக்காலத்தில் தினமும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் சரி. கட்டி தட்டின இடத்தை மட்டும் அள்ளி வெளியே போட்டால் போதும், பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் கட்டும். நான் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் மேல் தூக்கி வைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இரவில் கோழி உட்காரும் கம்புக்கு அடியில் பழைய சாக்கு விரித்து, காலையில் உதறிவிடுவேன். மொத்தக் கூளத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகிறேன்.

பண்ணைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு தொகுதி விற்றபின் கழுவி, நாள்கணக்கில் காயப்போடுவது வேறு, கோழி உள்ளே இருக்கும்போதே தினமும் கழுவுவது வேறு. சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லவில்லையே என்றும் யாராவது கேட்பார்கள். ஏற்கெனவே மூக்கைக் குத்தும் கூளத்தில் அதைத் தூவினால் நெடி இன்னும் கிளம்பும், அனுபவித்துவிட்டேன். மரத்தூளும் போடலாம். ஆனால் சின்னக் குஞ்சுகள் தீவனம் என்று நினைத்துக் கொத்தித் தின்னும்.

உமி மட்டும் எங்கே சும்மா கிடைக்கிறது? முன்பெல்லாம் அரிசி ஆலையில் "அள்ளிட்டுப் போங்க" என்பார்கள். இப்போது அவர்களே பாய்லரில் எரிக்கிறார்கள், மிச்சம் செங்கல் சூளைக்குப் போகிறது. மூட்டைக்குக் காசு கேட்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அள்ளிய பழைய கூளத்தைச் செடிக்கு அப்படியே போட்டுவிடாதீர்கள், கோழி எரு சூடு. குவித்து மூன்று நான்கு மாதம் மக்கவிட்டுப் போடுங்கள். நான் அவசரப்பட்டுக் கொட்டியதில் கறிவேப்பிலைக் கன்று ஒரே வாரத்தில் கருகிவிட்டது.